லேப் இருக்கும்போது டார்க் ரூம் எதற்கு? ஒரு பழைய கல்யாண போட்டோகிராபரின் அனுபவம்

பிலிம் கேமராவுக்குத் திரும்பி வரும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. ரோலை லேபில் கொடுத்தால் டெவலப் பண்ணி ஸ்கேனும் பண்ணித் தந்துவிடுகிறார்கள், இதில் டார்க் ரூம், அதாவது இருட்டறையில் கையால் டெவலப் பண்ணி பிரிண்ட் போடும் வேலை, கற்றுக்கொண்டு என்ன ஆகப்போகிறது, உங்கள் காலத்தில் தொழில் செய்தவர்கள் எல்லாரும் அதெல்லாம் தெரிந்துதான் செய்தார்களா என்று. பலருக்குத் தெரியாது என்பதுதான் உண்மை. கலர் வந்த பிறகு தொழிலுக்கு வந்தவர்களில் டெவலப்பர் (பிலிமில் படத்தைத் தெரியவைக்கும் கெமிக்கல்) வாசனையே அறியாதவர்கள் ஏராளம், அவர்களும் நன்றாகத்தான் சம்பாதித்தார்கள். ஆனால் பிரிண்ட் சொதப்பி வரும்போது தப்பு கேமராவிலா லேபிலா, அதைச் சரி செய்ய முடியுமா, முடியும் என்றால் லேபில் என்ன சொல்லிக் கேட்பது, இந்த இடத்தில்தான் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் வித்தியாசம் வரும். இந்த மூன்றுக்குப் பதில் சொல்கிற அளவு டார்க் ரூம் தெரிந்தால் போதும் என்பது என் கட்சி. அதற்கு மேல் தெரிந்தால் சந்தோஷம், தொழிலுக்கு அவசியமில்லை.

நான் வேலை பழகியது எண்பதுகளின் கடைசியில், மதுரையில் ஒரு ஸ்டுடியோவில். கலர் வந்துவிட்டாலும் பாஸ்போர்ட் சைஸ் கறுப்பு வெள்ளை அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’ பிலிமும் பேப்பரும் கடையில் எப்போதும் இருக்கும். பின்கட்டில் ஜன்னலை அடைத்த சின்ன அறை, சிவப்பு பல்பு, நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் ஒரு என்லார்ஜர், மூன்று டிரே, அவ்வளவுதான் டார்க் ரூம். டி-76 டெவலப்பருக்கு 20 டிகிரி என்று போட்டிருக்கும். மே மாதத்தில் மேல்தொட்டித் தண்ணீர் 30 டிகிரிக்குக் கீழே இறங்கவே இறங்காது. ஐஸ் கட்டி வாங்கிவந்து சுற்றிலும் போட்டுக் குளிரவைப்போம், ஐஸ் கிடைக்காத நாளில் நேரத்தைக் குறைப்போம், ரொம்பவும் குறைத்தால் பிலிம் திட்டுத் திட்டாக டெவலப் ஆகும் என்பதை அங்கேதான் கண்ணால் பார்த்தேன். போர் தண்ணீரில் கழுவிக் காயவைத்தால் நெகட்டிவ் முழுக்க உப்புப் பொட்டு விழும், கடைசி அலசலுக்கு மட்டும் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் வாங்கி வைத்திருப்பார் முதலாளி. இதெல்லாம் பழகியவனுக்கு கலர் லேபுக்குள் போனதும் ஒரு விஷயம் சட்டென்று புரிந்துவிடும்: பிலிம் டெவலப் பண்ணுகிற வித்தைக்கு அங்கே வேலையே இல்லை.

ஏன் என்றால் கலர் நெகட்டிவ் டெவலப் பண்ணுகிற சி-41 அப்படி. 1972-இல் கோடக் கொண்டுவந்த முறை. டெவலப்பர் 37.8 டிகிரி, நேரம் 3 நிமிடம் 15 விநாடி, வெப்பத்தின் ஏற்ற இறக்கம் 0.15 டிகிரிக்குள் நிற்கவேண்டும் என்பது கோடக்கின் கணக்கு. நம் ஊர் கரண்டை வைத்துக்கொண்டு, ஐஸ் கட்டி போட்டுப் பழகிய ஆள் இதைக் கையால் பிடித்து நிறுத்த முடியுமா? மெஷின்தான் சரி. அதோடு கோடக், பியூஜி, கோனிகா எதுவானாலும், பிலிமின் வேகம் 100 ஆனாலும் 400 ஆனாலும், எல்லாவற்றுக்கும் அதே கெமிக்கல், அதே நேரம். கறுப்பு வெள்ளையில் பிலிமுக்கு ஒரு நேரம், வெயிலுக்கு ஒரு நேரம் என்று நாம் முடிவெடுத்துக்கொண்டே இருப்போமே, அந்த முடிவுகள் எதுவுமே கலரில் நம் கையில் இல்லை.

ஒன்றே ஒன்றுதான் மிச்சம், அது புஷ். டெவலப்பரில் கூடுதல் நேரம் வைக்கச் சொல்வது, ஒரு ஸ்டாப்புக்கு (வெளிச்சம் இரண்டு மடங்கோ பாதியோ ஆவது ஒரு ஸ்டாப்) சுமார் 30 விநாடி. வெளிச்சம் பத்தாத மண்டபத்தில் எடுத்துவிட்டு வந்து ‘ஒரு ஸ்டாப் புஷ் பண்ணிக் கொடுங்க’ என்று கேட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியவர்கள் நிறைய. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? வெளிச்சமே விழாத நிழலில் எத்தனை விநாடி கூட்டினாலும் ஒன்றும் முளைக்காது, வெளிச்சம் விழுந்த இடம்தான் இன்னும் கனக்கும், கான்ட்ராஸ்ட் ஏறும், குருணை தெரியும். டிரேயில் ஒரு தடவை கறுப்பு வெள்ளை பிலிமைக் கூடுதல் நேரம் ஊறவைத்துப் பார்த்தவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் கலர் நெகட்டிவ் எடுக்கும்போது நாங்கள் கடைப்பிடித்தது நேர் எதிர் வழி. 400 பிலிமை மீட்டரில் 250 அல்லது 320 என்று வைத்து, எப்போதும் கொஞ்சம் தாராளமாக வெளிச்சம் கொடுப்போம். கலர் நெகட்டிவ் இரண்டு ஸ்டாப் அதிகமானால்கூடத் தாங்கும், ஒரு ஸ்டாப் குறைந்தால் கறுப்பு சாம்பலாகி அழுக்காக வரும்.

சரி, டெவலப் பண்ணுவது தெரிய வேண்டாம் என்றால் எது தெரிய வேண்டும்? பிரிண்ட் போடுவது. இதை எத்தனை அழுத்திச் சொன்னாலும் தகும்.

லேபில் இருந்த பிரிண்டிங் மெஷின் ஒவ்வொரு நெகட்டிவையும் மொத்தமாக அளக்கும். ஒரு சராசரிப் படத்தில் எல்லா நிறமும் சேர்ந்தால் சாம்பல் நிறம்தான் வரும் என்று அதற்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள், அந்தச் சாம்பலுக்கு இழுத்துக்கொண்டு வந்து பேப்பரில் போடும். கடற்கரையில் குடும்பமாக நின்று எடுத்த படத்துக்கு இது பிரமாதமாக வேலை செய்யும். நம் ஊர்க் கல்யாணத்துக்கு? அரக்குச் சிவப்புப் பட்டு, பின்னால் சிவப்பு வெல்வெட் திரை, நடுவில் இரண்டு முகம். மெஷின் ‘என்ன இவ்வளவு சிவப்பு’ என்று சிவப்பைக் குறைக்கும், பொண்ணு முகம் நீலம் பாரித்து, உடம்பு சரியில்லாதவள் மாதிரி வரும். வெட்டவெளியில் ராத்திரி ஊர்வலம், பிளாஷ் அடித்து எடுத்தது, பின்னால் முழுக்க இருட்டு. இருட்டு நெகட்டிவில் வெளிறித் தெளிவாக விழும்; அப்படி நெகட்டிவ் மொத்தமாக மெலிசாக இருப்பதைப் பார்த்து மெஷின் பேப்பருக்கு வெளிச்சத்தைக் குறைக்கும், முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுக்கும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் வெள்ளை வேட்டி சட்டையில் பெரியவர்கள் வரிசையாக நின்றால் அப்படியே தலைகீழ், முகம் எல்லாம் கறுத்துப்போகும்.

இந்த மூன்றிலும் நெகட்டிவில் ஒரு குறையும் இல்லை. என்லார்ஜரில் நாலு பிரிண்ட் கையால் போட்டவனுக்கு இது பார்த்தவுடன் தெரியும், ஏனென்றால் அவன் பேப்பருக்கு நேரம் வைக்கும்போது முகத்தைத்தான் பார்ப்பான், திரையை அல்ல. அவன் கவுண்டரில் சண்டை போடாமல் நேரே பிரிண்டர் அண்ணனிடம் போய், ‘அண்ணே, முகத்துக்குப் பாருங்க, சேலையை விட்டுடுங்க’ என்பான். அவரும், ‘பின்னாடி இருட்டு தம்பி, டென்சிட்டி ரெண்டு கூட்டிப் போடறேன்’ என்பார். மெஷினில் அவர் விரலுக்குக் கீழே இருப்பது அவ்வளவுதான், டென்சிட்டிக்கு, அதாவது பிரிண்ட் எவ்வளவு கறுக்கவேண்டும் என்பதற்கு, ஒரு வரிசை பட்டன், மஞ்சள், மெஜந்தா (ஊதாச் சிவப்பு), சியான் (பச்சை கலந்த நீலம்) மூன்றுக்கும் வரிசைக்கு வரிசை. ‘கலர் நல்லா வரலை’ என்று சொன்னால் அவர் எந்தப் பட்டனை அமுக்குவார்? பச்சை அடிக்கிறதா, சியான் அடிக்கிறதா என்று பிரித்துச் சொல்லத் தெரியவேண்டும். பச்சைக்கு எதிர் மெஜந்தா, சிவப்புக்கு எதிர் சியான், நீலத்துக்கு எதிர் மஞ்சள், இந்த மூன்று ஜோடி மனப்பாடமாக இருந்தாலே லேபில் மரியாதை கூடும். புது ஆட்கள் குழம்புகிற இடம் சியானும் நீலமும், மெஜந்தாவும் சிவப்பும். இவற்றைக் கண்ணால் பிரிக்கப் பழக ஒரே வழி, ஒரே நெகட்டிவைப் பட்டன் ஒவ்வொன்றாக மாற்றிப் போட்ட துண்டுப் பிரிண்ட்களை வரிசையாக வைத்துப் பார்ப்பது. லேபில் கழித்துப்போட்ட டெஸ்ட் பிரிண்ட்களைக் கேட்டு வாங்கி வந்துதான் நானே பழகினேன்.

இங்கே ஒரு புலம்பல். முகத்துக்குப் பார்க்கச் சொன்னால் சில லேபில் முகத்தை வெளுப்பாக்குவதுதான் நல்ல பிரிண்ட் என்று எடுத்துக்கொள்வார்கள். கல்யாண வீட்டார் கேட்பதும் அதைத்தான், லேபை மட்டும் குறை சொல்லி என்ன. லேபுகளுக்குக் கோடக் அனுப்பிய மாதிரிப் படத்தில் பல வருஷம் இருந்தது வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியின் முகம், அந்தத் தோலுக்கு மெஷினைத் திருத்திவைத்தால் நம் மாநிறம் எப்படி நேராக வரும்? நான் ஒவ்வொரு ஆர்டரோடும், முன்னால் திருப்தியாக வந்த ஒரு பிரிண்டை உறைக்குள் போட்டு ‘இந்த நிறத்துக்கு’ என்று எழுதிக் கொடுப்பேன். வாயால் சொல்வதைவிட அது நூறு மடங்கு வேலை செய்தது.

லேபால் சரி செய்யவே முடியாத விஷயம் எது என்று தெரிவதும் டார்க் ரூம் அறிவுதான். வீடியோ லைட்டைச் சொல்கிறேன். தாலி கட்டும் நேரத்தில் வீடியோக்காரர் ஹாலஜன் விளக்கை ஒரு பக்கத்தில் இருந்து தூக்கிப் பிடிப்பார், நம் பிளாஷ் இன்னொரு பக்கம். முகத்தில் பாதி ஆரஞ்சு, பாதி சரியான நிறம். பிரிண்டில் பில்டர் போட்டால் மொத்தப் படத்துக்கும்தான் போடமுடியும், ஆரஞ்சை எடுத்தால் மறு பாதி நீலமாகும். டியூப் லைட் மண்டபமும் இதே கதை, பிளாஷ் விழுந்த முகத்துக்குச் சரி செய்தால் பின்னால் நிற்கும் கூட்டம் பச்சையாகத்தான் நிற்கும். லேபில் போய்க் கெஞ்சிப் பயனில்லை என்று தெரிந்ததால் நான் முகூர்த்தத்துக்கு முன்னாலேயே வீடியோக்காரரிடம் ஒரு காபி வாங்கிக்கொடுத்துப் பேசிவிடுவேன், ‘அண்ணே, நான் எடுக்கிற பக்கமே நின்னு அடிங்க, இல்லேன்னா லைட்டைத் தள்ளிப் பிடிங்க’ என்று. முழுக்க மஞ்சள் பல்பு வெளிச்சம் மட்டும் என்றால் பிரச்சினை குறைவு, அதை பிரிண்டில் ஓரளவு இழுக்கலாம், ஆனால் அந்த வெளிச்சத்தில் நீலம் குறைவு என்பதால் பிலிமின் நீல அடுக்கு பட்டினி கிடக்கும், அதற்காக ஒரு ஸ்டாப் கூடுதலாகக் கொடுத்து எடுக்கவேண்டும்.

அடுத்தது நெகட்டிவ் படிப்பது. பிரிண்டை வைத்து லேபோடு சண்டை போடுகிறவர்களுக்கு நான் சொல்வது, முதலில் நெகட்டிவை வெளிச்சத்தில் பிடியுங்கள். பிலிமின் ஓரத்தில் கம்பெனி பெயரும் படத்தின் நம்பரும் இருக்கும். அது பாக்டரியிலேயே வெளிச்சம் காட்டி அனுப்பியது, நம் கேமராவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அதனால் அந்த எழுத்து பளிச்சென்று இருந்து, படம் மட்டும் மெலிசாக இருந்தால் டெவலப் சரி, வெளிச்சம் கொடுத்ததில் குறை. எழுத்தும் மங்கல், படமும் மங்கல் என்றால் லேபில் தப்பு. எழுத்து சரியாக இருந்து படமே இல்லாமல் ரோல் முழுக்கக் காலி என்றால் கேமராவில் பிலிம் பற்களில் மாட்டாமல் சுற்றியிருக்கும், அல்லது ஷட்டர் திறக்கவில்லை. எழுத்தும் இல்லை என்றால் டெவலப்பரைப் பார்க்காத பிலிம். படத்தில் ஒரு பாதி நேர்க்கோடு பிடித்தாற்போல் வெற்றாக இருந்தால் அது பிளாஷ் சிங்க் வேகம் (ஷட்டர் முழுசாகத் திறந்து நிற்கக்கூடிய அதிகபட்ச வேகம்) தாண்டியது, பென்டாக்ஸ் கே1000 கேமராவில் 1/60 விநாடிக்கு மேல் வேகம் வைத்து பிளாஷ் அடித்தால் அப்படித்தான் வரும், இதற்கும் லேபைத் திட்டிய ஆட்களைப் பார்த்திருக்கிறேன். வெளிச்சம் கசிந்த கறை படத்தின் சட்டத்தைத் தாண்டி ஓரத் துளைகள் வரைக்கும் ஓடினால் கேமராவின் பின்கதவில் வெளிச்சத்தை அடைக்கும் பஞ்சு போயிருக்கும். கறை சட்டத்துக்குள் மட்டும் நின்றால் லென்ஸ் வழியாகவோ ஷட்டர் வழியாகவோ வந்தது.

இந்தப் படிப்பு எனக்குப் பணமாகத் திரும்பி வந்தது ஒரு தடவை. ஊரும் பேரும் வேண்டாம், ஒரு லேபில் இருந்து வந்த பிரிண்ட் எல்லாவற்றிலும் கறுப்பு செம்மண் கலந்தாற்போல் இருந்தது, நிறமெல்லாம் கலங்கல். கவுண்டரில் இருந்தவர் ‘பிலிம் பழசு சார்’ என்று முடித்துவிட்டார். ஓர எழுத்து நன்றாக இருந்தது, டெவலப்பரில் குறை இல்லை, அப்படியென்றால் அடுத்த தொட்டி, பிலிமில் உள்ள வெள்ளியை அகற்றத் தயார் செய்கிற பிளீச். பிளீச் சோர்ந்துபோனால் பிலிமில் வெள்ளி மிச்சம் நிற்கும், சியான் சாயமும் முழுசாக உருவாகாது, கறுப்பு சிவந்து வருவது அதன் அடையாளம். நல்ல சேதி என்னவென்றால் இது திரும்பச் சரி செய்யக்கூடிய தப்பு. அதே நெகட்டிவை நல்ல பிளீச்சில் மறுபடி போட்டு, பிக்ஸ் பண்ணிக் கழுவினால் நிறம் திரும்பும். வேறொரு லேபில் கெஞ்சிக் கூத்தாடி அப்படிப் போடவைத்தேன், கல்யாண ஆல்பம் பிழைத்தது. டெவலப்பரில் நடந்த தப்புக்கு இப்படி மறு வழி கிடையாது, அது போனால் போனதுதான்.

லேபைத் தேர்ந்தெடுப்பதற்கு ஒரு வார்த்தை. நல்ல லேபில் தினமும் காலையில் கன்ட்ரோல் ஸ்டிரிப் என்று பாக்டரியில் அளந்து வெளிச்சம் காட்டிய துண்டு பிலிமை மெஷினில் ஓட்டி, கறுமையை அளக்கும் டென்சிட்டோமீட்டரில் அளந்து, சுவரில் வரைபடம் போட்டு வைத்திருப்பார்கள். ‘இன்னிக்கு ஸ்டிரிப் எப்படி இருக்கு?’ என்று கேட்டால் சிரித்துக்கொண்டே காட்டுகிற இடத்தில் ரோல் கொடுக்கலாம், முழிக்கிற இடத்தில் வேண்டாம். கூட்டம் இருக்கிற லேப்தான் நல்லது, நிறைய ரோல் ஓடினால்தான் கெமிக்கல் புதுசாக மாறிக்கொண்டே இருக்கும். எங்கள் காலத்தில் தை, வைகாசி, ஆவணியில் வேலை பிந்தும், ஆனால் நிறம் நிலையாக இருக்கும். ஆடியிலும் மார்கழியிலும் மெஷின் சும்மா கிடந்து டெவலப்பர் காற்றில் கெடும், அந்த மாதங்களில் முக்கியமான ரோல் இருந்தால் சென்னையில் பெரிய லேபுக்கு பஸ்ஸில் அனுப்பிவிடுவோம்.

ஸ்லைடு, அதாவது பிலிமிலேயே நேரான நிறத்தில் படம் தெரிவது, வேறு உலகம். அப்போது சிவகாசிக் காலண்டர் வேலை, பத்திரிகை அட்டை என்றால் ஸ்லைடுதான் கேட்பார்கள், அதை டெவலப் பண்ணுவது ஈ-6 முறை. அரை ஸ்டாப் தப்பினாலே தெரியும், பிரிண்டர் அண்ணன் என்கிற பாதுகாப்பு வளையம் நடுவில் கிடையாது. அங்கே லேபோடு பேசுவது டெவலப் பற்றித்தான். ஒரே வெளிச்சத்தில் முழு ரோலையும் எடுத்து, ஆரம்பத்தில் சில படங்களை மட்டும் வெட்டி ஓட்டச் சொல்வோம், லைட் டேபிளில் பார்த்துவிட்டு மிச்சத்துக்கு அரை ஸ்டாப் கூட்டு அல்லது குறை என்போம். முதல் டெவலப்பர் வழக்கமாக 6 நிமிடம், அதைக் கூட்டினால் ஸ்லைடு வெளுக்கும், நெகட்டிவுக்கு நேர் எதிர். இருட்டில் வெட்டுகிறவருக்குப் படத்தின் எல்லை தெரியாது என்பதால் வெட்டுகிற இடத்தில் லென்ஸை மூடி இரண்டு படம் சும்மா அடித்துவிடுவேன்.

டார்க் ரூம் பக்கமே போகாதவர்கள் மேதைகளாக இல்லையா என்று கேட்பார்கள். இருந்தார்கள். பிரெஞ்சுப் போட்டோகிராபர் கார்ட்டியே பிரெசோன் தன் படங்களைத் தானே பிரிண்ட் போடுவதில்லை, பாரிஸில் பியர் காஸ்மன் 1950-இல் தொடங்கிய பிக்டோ லேப்தான் அவருக்குப் போட்டது. ஆனால் காஸ்மன் மாதிரி ஒருவர் நமக்குக் கிடைக்கவேண்டுமே. நமக்குக் கிடைத்தது எட்டு மணி நேர ஷிப்டில் ஆயிரக்கணக்கில் பிரிண்ட் தள்ளுகிற ஒரு தம்பி. இதில் சினிமாக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். அந்தக் காலத்தில் பிரசாத், ஜெமினி மாதிரி சினிமா கலர் லேபுகளில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 1 முதல் 50 வரை பிரிண்டர் லைட் எண் (பிரிண்ட் போடக் காட்டிய வெளிச்சத்தின் அளவு) எழுதிக் கொடுப்பார்கள், நடு எண் 25. ஒளிப்பதிவாளர் அந்தத் தாளைப் பார்த்தே நெகட்டிவ் கனமா மெலிசா என்று சொல்லிவிடுவார். நமக்கும் பிரிண்டின் முதுகில் மெஷின் சின்னதாக அச்சடித்த கரெக்‌ஷன் எண்கள் இருந்தன, பார்த்தவர்கள்தான் குறைவு.

இப்போதைக்கு வருவோம். இன்றைக்கு லேபில் ஸ்கேன் எடுப்பது நோரிட்சு அல்லது பியூஜி பிரான்டியர் மெஷினில். பெயர் ஸ்கேன் என்றாலும் நடப்பது பழைய பிரிண்ட் வேலைதான், அதே டென்சிட்டி, அதே மூன்று நிறம், அதே சராசரி பார்க்கும் புத்தி. அதனால் ‘இந்த பிலிமின் நிறமே இப்படி’ என்று இணையத்தில் யாராவது சொன்னால் பாதியை நம்புங்கள், அது ஸ்கேன் பண்ணினவரின் கை. ரோல் கொடுக்கும்போது ‘ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டாம், கான்ட்ராஸ்ட் ஏத்தாதீங்க, முகத்துக்குப் பாருங்க’ என்று உறையில் எழுதிக் கொடுங்கள். கறுப்பு வெள்ளையை மட்டும் வீட்டில் டெவலப் பண்ணிப் பாருங்கள், ஒரு டேங்க், ஒரு தெர்மாமீட்டர், டி-76, பிக்ஸர் போதும். என்லார்ஜர் இருக்கிற இடம் தெரிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் ஒரே நெகட்டிவில் பத்து விதமாகப் பிரிண்ட் போட்டுப் பாருங்கள். கலரை வீட்டில் போடுவது ஆசைக்குச் சரி, லேபைவிட நன்றாக வரும் என்று எதிர்பார்த்துச் செய்யாதீர்கள்.

அப்புறம் நெகட்டிவைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள். ஸ்கேன் வந்துவிட்டதே என்று லேபிலேயே விட்டுவிடுகிறார்கள் நிறையப் பேர், சில இடங்களில் கொஞ்ச நாள் வைத்திருந்து தூக்கிப்போட்டும் விடுகிறார்கள். ஆறாறாக வெட்டி உறையில் போடச் சொல்லுங்கள், சுருட்டி டப்பாவில் அடைத்து வாங்காதீர்கள், வீட்டில் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். சென்னை ஈரத்தில் பூஞ்சை பிடிக்க ஒரு மழைக்காலம் போதும்.